ராகு காலத்தில் வாங்கிய வண்டி

சௌந்தரநாயகி முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்சுகளுக்கு உதவியாளராக இருந்தவள். எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதும் அவள் வேலை. ஓய்வு பெற்ற மறுவாரமே குடவாசலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்தவன் மூன்றாம் நாள், "இந்த வயசுல ஸ்கூட்டி போதுமேம்மா" என்றான். "ஸ்கூட்டியில வீல்சேர் ஏறுமா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவன் கிளட்ச்சைப் பற்றி மட்டுமே பேசினான்.

வீல்சேர் மகள் ஜீவிதாவுடையது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வயது இருபத்தேழு. கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆட்டோவில் போவதென்றால் தினமும் யாராவது தூக்கி ஏற்றி, தூக்கி இறக்க வேண்டும். "அப்படின்னா நான் வேலைக்கே போகல" என்று ஜீவிதா சொல்லிவிட்டாள். அவளே ஏறி, அவளே இறங்கும்படியான வண்டி ஒன்று திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

"வீட்டுல உக்கார வச்சு ஒரு வாய் சோறு போட முடியாதா?" என்று உறவில் நாலு பேர் கேட்டார்கள். "சோறு போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதைத் தின்னுட்டு அவ எங்கயாவது போகணும்ல" என்றாள் சௌந்தரநாயகி.

வெள்ளிக்கிழமை காலை நன்னிலம் சாலையில் பழைய வண்டி விற்கும் கொட்டகைக்குப் போனார்கள். துணைக்கு நாகப்பட்டினத்திலிருந்து தம்பி வீரமணி வந்திருந்தான். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஆட்டோவிலிருந்து அவன்தான் ஜீவிதாவைத் தூக்கி இறக்கி வீல்சேரில் உட்கார வைத்தான். அந்த அரை நிமிடமும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

தரகர் பரணிதரன் முன்வரிசையில் நின்ற வெள்ளை வேனைக் காட்டினான். கண்ணாடி மாதிரி மினுங்கியது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு.

"தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் ஃபேமிலி வச்சிருந்ததும்மா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதோட சரி. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அட்வான்ஸக் குடுத்துட்டீங்கன்னா மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

மணி ஒன்பதே முக்கால்.

வீரமணி பானெட்டைத் திறந்தான். ஸ்டார்ட் செய்து காதை வைத்துக் கேட்டான். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்த்தான். "இன்ஜின் தங்கம்க்கா. கண்ண மூடிட்டு எடு."

"கண்ண மூடிட்டா நான் எப்படிடா ஓட்டுறது?"

"நீ தொறந்து வச்சு ஓட்டுனாலே ரோட்டுல ஆடு மாடெல்லாம் இன்சூரன்ஸ் எடுக்கணும்."

சௌந்தரநாயகி உள்ளே தலையை விட்டாள். மல்லிகை சென்ட் ஆளைத் தூக்கியது. வார்டில் ஃபினாயில் நெடி வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தால், அவள் முதலில் செய்வது போர்வையை விலக்கிப் பார்ப்பதுதான். யாருக்கோ புண் வைத்திருக்கும், யாரோ அதை மறைத்திருப்பார்கள். கால்மிதியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அது பசை போட்டு ஒட்டியிருந்தது.

"அதெல்லாம் பிரிக்கக் கூடாதும்மா" என்று பரணிதரன் ஓடிவந்தான்.

"ஒட்டுனது பிரியத்தான் செய்யும்."

புத்தம் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்த தரை தெரிந்தது. கால் வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனாள். பின் சீட்டுக்குக் கீழே ஓரிடம் மெத்தென்று உள்வாங்கியது. வீட்டுச் சாவியை எடுத்துக் குத்தினாள். ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டி மாவைச் சாவி துளைத்துக்கொண்டு இறங்கியது. குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாகக் கீழே மண் தெரிந்தது.

கதவு ஓடும் பள்ளத்தில் டார்ச் அடித்தாள். ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"செதில்" என்றான் வீரமணி. அவன் முகம் விழுந்துவிட்டது.

"டாக்டர் வீட்டுல ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வஞ்சிரத்தையும் கூட்டிட்டுப் போவாங்களா தம்பி?" என்று அவள் பரணிதரனைக் கேட்டாள். டீ குடித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது.

மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி வடிந்த உப்புத்தண்ணீர் தரையைத் தின்றிருக்கிறது.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையேக்கா."

"உனக்கு எப்படிடா தெரியும்? இத்தனை வருஷமா படகுல அதுக்குள்ளயே கெடக்குற. மீன் வாடை இல்லன்னாத்தான் உனக்கு மூக்கு வேலை செய்யும்."

பரணிதரன் கடிகாரத்தைப் பார்த்தான். "விலையில கொறைச்சுக்கலாம்மா. பத்தரைக்குள்ள முடிச்சுடுவோம்."

"விலையக் கொறைச்சா ஓட்டை அடைஞ்சுடுமா? அது என்ன, பின்னால நிக்கிறது?"

வேலியோரம் ஒரு பழுப்பு நிற வேன் நின்றது. பெயின்ட் திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. "அது வேணாம்மா. திருக்கடையூர் ட்ரிப் அடிச்ச வண்டி. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம்னு கெழவன் கெழவிகள ஏத்தி ஏத்தித் தேஞ்சு போச்சு."

சௌந்தரநாயகி அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள். சீட்டில் மஞ்சள் கறை. ஜன்னல் இடுக்கில் காய்ந்த மாலை நார். கதவுக்குக் கீழே அகலமான இரும்புப் படி ஒன்றை யாரோ வெல்டிங் வைத்திருந்தார்கள். உள்ளே வாசலை ஒட்டித் தடித்த கைப்பிடிக் குழாய். பட்டுப்புடவை கட்டிய எண்பது வயது உடம்பு தொங்கினாலும் அசையாதது. கால்மிதியைத் தூக்கினாள். பழைய தரைதான், சாவிக்கு அசையவில்லை. வீரமணி இந்த முறை அடியில் படுத்து, முதுகெல்லாம் மண்ணாக எழுந்து வந்தான். "கிளட்ச் மாத்தணும். பின் டயர் ரெண்டும் போச்சு. மத்தபடி கெட்டி."

ஜீவிதா வீல்சேரைப் படியோடு ஒட்டி நிறுத்தி பிரேக் போட்டாள். குழாயைப் பிடித்து உந்தினாள். கை வழுக்கிப் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வீரமணி பாய்ந்தான்.

"கைய எடு" என்றாள் சௌந்தரநாயகி.

"அக்கா, விழுந்துடப் போறா."

"விழட்டும். திங்கக்கிழமை அங்க நீ இருக்க மாட்ட."

சொல்லிவிட்டுத் தன் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. ஜீவிதா உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, படியிலிருந்தே மறுபடி குழாயைப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. இடுப்பு சீட்டில் ஏறியது. பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். கண்கள் திறந்தே இருந்தன.

"இதுதான்" என்றாள்.

விலை பேசி முடித்தபோது பதினொன்று பத்து. சௌந்தரநாயகி அட்வான்ஸை நீட்டினாள். பரணிதரன் பின்னால் நகர்ந்தான்.

"ராகு காலத்துல காசு தொட மாட்டேன்மா. பன்னெண்டுக்கு மேல வாங்க. ஆனா ஒண்ணு, பன்னெண்டுக்கு வேற ஒரு பார்ட்டி வருது. தண்ணி கேன் போடுறவங்க. படிய அறுத்துட்டு எடுத்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க. யாரு முந்துறாங்களோ அவங்களுக்கு."

வீரமணி தாழ்ந்த குரலில், "ராகு காலம்க்கா. அந்தப் புள்ள ஏறிப் போற வண்டி" என்றான்.

"இவ நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நேரம் பார்த்துத்தானேடா கெளம்புனோம்? எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு குறிச்சுக் குடுத்தவன் நீதானே? அந்தக் கார்தான் வாய்க்கால்ல கவுந்துது."

வீரமணி குனிந்து சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

அவள் பணத்தை ஜீவிதாவுக்குப் பக்கத்து சீட்டில் வைத்தாள். "நீ தொட வேணாம் தம்பி. பன்னெண்டு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ரசீத மட்டும் இப்ப எழுது. மணியும் போடு."

"எழுதுறதும் காரியம்தானேம்மா."

"அப்ப நான் எறங்க மாட்டேன்" என்றாள் ஜீவிதா உள்ளிருந்து. "தூக்கி எறக்குறவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

பரணிதரன் அவளைப் பார்த்தான், வீரமணியைப் பார்த்தான். வீரமணி இரண்டு கையையும் கைலியில் துடைத்துவிட்டு, போய் டீ குடித்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான்.

ரசீது இன்னும் எழுதப்படாமல், பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் தண்ணீர் கேன்காரர்கள் இருவர் பைக்கில் வந்து இறங்கினார்கள். "அண்ணே, அந்தப் பழுப்பு வண்டி இருக்குல்ல?" என்று கேட்டபடியே வேலியோரம் நடந்தார்கள். ஜீவிதா அவர்கள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தாள். பிறகு உள்ளிருந்து கையை நீட்டி, கதவை ஒரே இழுப்பாக இழுத்துச் சாத்தினாள்.