பாவாயிக்கு அவர் சொன்ன பதில்

அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்ற சென்னியப்பன் காலமான செய்தி, நான் கோர்ட்டில் வாய்தா கேட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. குமாஸ்தா காதோடு சொன்னார். வாய்தா உடனே கிடைத்தது. சென்னியப்பன் எதிரே நின்ற காலத்தில் எனக்கு ஒரு வாய்தாகூட அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை. வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

சேலத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகள் முழுக்க அவர் அரசுத் தரப்பு, நான் எதிர்த்தரப்பு. என் கட்சிக்காரருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது என்று நான் ஆரம்பித்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். டீக்கடைக்குப் போகிற வழியில் சொல்வார்: “உங்க ஆளுங்க அத்தன பேரும் நல்ல மனசுக்காரங்கதானுங்க. செத்தவங்கதான் தப்பான எடத்துல போய் நின்னுக்கறாங்க.”

அப்படிப்பட்டவர் கையில்தான் ராசிபுரம் பக்கத்துக் கிணற்று வழக்கு சிக்கியது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருநாள் அண்ணன் கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தம்பி முத்துவின் முறை வந்தது. மேலே இருந்து ஸ்விட்சைப் போட்டான். அண்ணன் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். இருவருக்கும் வரப்புத் தகராறு இருந்ததால், முத்து தெரிந்தேதான் போட்டான் என்று ஊரே சொன்னது. போலீஸ் கொலை வழக்குப் போட்டது. முத்துவுக்காக நான் ஆஜரானேன்.

இறந்தவரின் மனைவி பாவாயி முக்கிய சாட்சி. ஸ்விட்சைப் போடுமுன் கிணற்றுக்குள் ஒரு குரல் கொடுப்பதுதான் அவர்கள் வழக்கம், அன்று குரல் கேட்கவில்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. ஏன் குரல் கொடுக்கவில்லை என்று நீதிபதி முத்துவைக் கேட்டார். மறந்துவிட்டதாகச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணனோட எனக்குப் பேச்சில்லைங்க” என்றான். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, அண்ணன் பதில் சொல்லிவிட்டால் பேசியதாக ஆகிவிடுமே என்று ஒரு வருஷமாகவே அவன் குரல் கொடுப்பதில்லையாம்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சென்னியப்பன் என்னைப் பந்தாடியிருக்கலாம். அவரோ எழுந்து, அண்ணன் உள்ளே இருப்பது இவனுக்குத் தெரியும் என்று தம்மால் நிரூபிக்க முடியவில்லை, கொலைக்குத் தண்டனை கேட்கத் தம் மனம் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிப்போனது. நான் உள்ளுக்குள் குதித்தேன். ஆனால் கவனக்குறைவுக்குச் சட்டம் அனுமதிக்கும் இரண்டு ஆண்டையும் அவர் முழுசாகக் கேட்டபோது என் சந்தோஷம் பாதியாயிற்று. தெரியாமல் செய்தவனுக்கு இவ்வளவா என்று வெளியே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரியாமத்தான் செஞ்சான், நானே ஒத்துக்கிட்டேன். ஆனா தெரிஞ்சுக்க மாட்டேன்னு வீம்பா இருந்தான் பாருங்க, அதுவும் அவன் மனசுதானுங்க” என்றார்.

நீதிபதி அவர் கேட்டதையே கொடுத்தார். தீர்ப்பன்று இறந்தவரின் பங்காளிகள் சென்னியப்பனைக் காசு வாங்கிவிட்டதாகத் திட்டினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்தார். பாவாயிதான் வழியில் நின்றாள். அழவில்லை.

“தெரிஞ்சு போட்டிருந்தா எத்தன வருசமுங்க?”

ஆயுள் தண்டனை, தூக்குகூட ஆகலாம் என்றார்.

“எனக்கு எப்படிப் போட்டாலும் ஒண்ணுதானுங்களே? ஊட்ல அவரு இல்லீங்களே.”

சட்டம் ஏன் மனதைப் பார்க்கிறது என்று அவளுக்கு விளக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதில் அவரைவிட நன்றாகப் பேசக்கூடியவர் அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் கிடையாது. அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

“ஆமா சாமி. உனக்கு ஒண்ணுதான்” என்றார். அவளாக நகர்கிற வரை கூடவே நின்றார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பேரை, தெரியாமல் செய்துவிட்டார் என்று வாதாடி மீட்டிருக்கிறேன். இனியும் மீட்பேன், அது நியாயம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் தீர்ப்பு வந்ததும் என் கட்சிக்காரர்கள் மாலையோடு நிற்கும் பக்கம் உடனே போய்விடுவதில்லை. இழந்தவர்கள் நிற்கும் பக்கமாகத்தான் வெளியே வருகிறேன். சில பேர் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். பாவாயிக்கு அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவர்களாக நகர்கிற வரை நிற்கிறேன்.