மரத்தில் தொங்கிய பென்குயின்

டெமோ பாடத்துக்கு ஒத்திகை பார்க்காதீர்கள் என்று சொன்னால் புதிதாக வரும் டீச்சர்கள் நம்புவதில்லை. "நீங்க பார்த்ததே இல்லையா மிஸ்?" என்று மடக்குகிறார்கள். பார்த்தேன் அம்மா, பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

பாணேரில் ஒரு பள்ளியில் சீனியர் கே.ஜி. டீச்சராகச் சேர்ந்த முதல் வருஷம், புரொபேஷன் முடிகிற மாதம். பிரின்சிபல் மேடம் வகுப்பில் உட்கார்ந்து ஒரு பாடம் கவனிப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம்; இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எட்டு வருஷம் தேஹு ரோடு வீட்டு ஹாலில் டியூஷன் எடுத்து அலுத்தவள் நான். மறுபடி அந்த ஹாலுக்குத் திரும்புவதில்லை என்று சபதமே எடுத்திருந்தேன்.

பாடம், விலங்குகள் எங்கே வாழ்கின்றன, அங்கே வாழ அவற்றின் உடம்பு எப்படி உதவுகிறது என்பது. நான்கு கார்டுகள்: ஒட்டகம், பென்குயின், குரங்கு, தவளை. ஒரு வாரம், தினமும் இரண்டு தடவை, இதே வரிசையில் ஒத்திகை. வெள்ளிக்கிழமைக்குள், நான் கார்டைத் தூக்குவதற்கு முன்பே பிள்ளைகள் பதில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை டெமோ. எங்கள் வகுப்பு மௌஷி மல்லிகா (ஆயாவுக்கு இங்கே மராத்தியில் அதுதான் பெயர்) தேஹு ரோட்டுத் தமிழ்க்காரி. காலையிலேயே சொன்னாள்: "கார்டெல்லாம் ஃபேன் காத்துல பறந்துச்சு டீச்சர். பொறுக்கி நீட்டா அடுக்கி வச்சிட்டேன்."

"தேங்க்ஸ் மல்லிகா" என்றேன். எந்த வரிசையில் அடுக்கினாள் என்று பார்க்க வேண்டாமோ? பார்க்கவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை. ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருந்த ஸ்வரா அன்றைக்கென்று வந்து நின்றாள். ஒத்திகையே பார்க்காத பிள்ளை எதையாவது உளறினால் என் கதை முடிந்தது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன்.

முதல் கார்டைப் பிள்ளைகள் பக்கம் காட்டினேன். என் கண் மேடம் முகத்திலேயே இருந்தது. "இது எங்க இருக்கும்?" (வகுப்பில் எல்லாம் ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழில் எழுதுகிறேன்.)

"பாலைவனத்துல!" என்று கூரை அதிர்ந்தது. "திமில்ல கொழுப்பு இருக்கு!"

"வெரி குட்!" மேடத்தின் புருவம் உயர்ந்தது. அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டாவது கார்டு. "பனியில இருக்கும்! நல்லா நீந்தும்!"

"சூப்பர்! எல்லாரும் கை தட்டிக்குங்க!" வாசலில் மல்லிகா இரண்டு கையையும் ஆட்டினாள். அவளும் தட்டுகிறாள் போலிருக்கிறது என்று சிரித்து வைத்தேன்.

மூன்றாவது கார்டு. "மரத்துல தொங்கும்!"

"எக்ஸலண்ட்!"

கடைசி பெஞ்சிலிருந்து ஸ்வரா எழுந்தாள். "மிஸ், விழுந்துடும்."

"உட்காரும்மா."

"நிஜமா விழுந்துடும் மிஸ். கையே இல்லையே, எப்படிப் பிடிச்சுக்கும்?"

கார்டைத் திருப்பினேன். பென்குயின்! காட்டி முடித்த இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். பாலைவனத்துக்குத் தவளையையும் பனிக்கு ஒட்டகத்தையும் அனுப்பியிருக்கிறேன். மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகை முட்டியது எனக்கு. ஆனாலும் இருபத்தைந்து பேர் என்னையே பார்க்கிறார்களே!

"மிஸ் கார்டைப் பார்க்கவே இல்லை. தப்பு என்னோடதுதான்" என்றேன். "ஸ்வரா சொல்றது சரியான்னு பார்க்கலாமா?"

அப்போதுதான் பிள்ளைகளும் முதல்முறையாகப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு வகுப்பு என் கையில் இல்லை. ஒருவன் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியில் தொங்கப் பார்த்து, முடியாமல் திரும்பினான். தவளை பாலைவனத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும் என்றாள் ஒருத்தி. ஒட்டகத்துக்குக் கழுத்துக்கு மட்டும் தனி ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று பெரிய சண்டை நடந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மணி அடித்த பிறகு மேடம் அறைக்குப் போனேன். அவர் என் புரொபேஷன் ஃபாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பொண்ணுக்கு இந்தப் பாடத்தை எத்தனை நாள் நடத்தினீங்க?"

பொய் சொல்லத் தைரியம் இல்லை. "ஒரு நாள்கூட இல்லை மேடம். அவ லீவு."

கையெழுத்துப் போட்டு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். "இனிமே மத்த பிள்ளைங்களுக்கும் அதே மாதிரி நடத்துங்க."