பூசணிக்காயை ரம்பத்தில் கொடுத்த அன்று

பூசணிக்காய்க்குத் தட்டையான அடி கிடையாது. வீட்டில் டேபிள் சா என்கிற மேஜை ரம்பம் வைத்திருக்கிறவர்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உருண்டையான எதைக் கொடுத்தாலும் பிளேடு அதை உருட்டும், இல்லாவிட்டால் தூக்கி எறியும்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. அவனியாபுரம் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் தலை நரைக்கும்வரை நின்றவன். அங்கே ஒரு பழக்கம். ரம்பம் ஓடும்போது அதில் நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் திரும்புவான், கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டீ வந்தால்கூட எதிரே போய் நின்று, அவனாகப் பார்க்கிறவரை காத்திருப்போம். நல்ல இஞ்சி டீ அது, ஆறிப்போகும். அதை விடுங்கள்.

வில்லாபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் துளசிராம். பட்டு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, கார் ஷெட்டில் டேபிள் சா வாங்கிப் போட்டிருக்கிறார். போன ஆயுத பூஜைதான் அந்த மெஷினுக்கு முதல் பூஜை. மேலெல்லாம் சந்தனம், குங்குமம். முன்பக்கம் முழுக்க, பட்டன்கள்கூடத் தெரியாதபடி சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

“அண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குல்ல?”

“பொண்ணு சரி, பல்லப் பாத்தியா?” என்றேன்.

திருஷ்டி சுற்றிய பூசணிக்காயோடு வாசலுக்குக் கிளம்பியவரை அவர் மச்சினன் மறித்தான். கையில் போன், வீடியோ ஓடுகிறது.

“அத்தான், ரோட்டுல ஒடச்சா போறவன் வாரவன் வழுக்கி விழுறான். மிஷின்லயே அறுத்துருங்க. வீடியோ சும்மா பிச்சுக்கும்!”

“வேணாம் துளசி, உருளும்.”

“அம்புட்டுத் தேக்கையும் அறுக்குது, இது என்னண்ணே!”

சாமந்தி மாலைக்குள் கையை விட்டுப் பச்சை பட்டனை அழுத்திவிட்டார். பிளேடு கிளம்பியது. காயை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார்.

டம்மென்று ஒரு சத்தம். காய் துள்ளி, அவர் காதை ஒட்டிப் பறந்து, பின்னால் ஷட்டரில் போய்ச் சிதறியது. பிடிமானம் போனதும் மனுஷன் முன்னால் சாய்ந்துவிட்டார். பிளேடுக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை. நெஞ்சு பிளேடுக்கு நேரே. ஒரு கையை எடுத்தாலும் சரிந்துவிடுவார். தோளில் கிடந்த துண்டு வழுக்கிக்கொண்டே இறங்குகிறது.

மச்சினன், “அத்தா...” என்று வாயைத் திறந்தான். என் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். மறு கையை மாலைக்குள் விட்டுச் சிவப்பு பட்டனைத் தேடினேன். பூ, நூல், பூ. பட்டன் கிடைக்கவே இல்லை!

துளசியின் வீட்டம்மா சுகுணா மீட்டர் பெட்டியை ஒட்டி நின்றிருந்தது. சத்தம் ஏற்றாமல் சொன்னேன்.

“தங்கச்சி, மெயின எறக்குத்தா.”

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டக்கென்று இறக்கியது.

கரண்ட் போனாலும் பிளேடு உடனே நிற்காது; அந்த ஓட்டத்திலும் விரலை அறுக்கும். துளசியின் எதிரே போய், அவர் கண்ணைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினேன். அவர் அசையவில்லை. துண்டின் நுனியைப் பிளேடு ஒரு கடி கடித்து, அப்படியே நின்றது.

துளசி நிமிர்ந்து பத்து விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். சுகுணா வந்து அந்தக் கைகளைப் பிடித்தது. விடவே இல்லை.

மச்சினன் மெதுவாக, “வீடியோ நிக்காம ஓடிருச்சு அத்தான்” என்றான்.

“அதப் போட்டுக்காட்டுனே, ஒன்னய அறுத்துருவேன்டா!” என்றது சுகுணா.

இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் மெஷினை நிறுத்த வழி செய்ய வேண்டும். மறுநாள் நானும் துளசியும் சிவப்பு பட்டனுக்கு முன்னால் தொடை உயரத்தில் ஒரு பலகையைக் கீல் போட்டுத் தொங்கவிட்டோம். ஓடவிட்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு துளசி தொடையால் பலகையை ஒரு இடி இடித்தார்; அது போய்ப் பட்டனை அமுக்கியது. மோட்டார் அடங்கியது.

“நின்னுருச்சுண்ணே!” என்று குதித்தார்.

“பிளேடு நிக்கட்டும்யா, அப்பறம் குதி!” என்றேன்.