பலகையில் கால் வைக்கும் இடம்

பலகையில் ஒட்டிய பழைய பேடை உரித்துப் புதுசு ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும் என்று அண்ணன் போனில் சொன்னான். எங்கள் வீட்டில் பொறுமை என்று யார் பேச்செடுத்தாலும் அடுத்து என் பெயர்தான் வரும். நான் எந்தக் காலத்திலும் பொறுமைசாலி இல்லை. வாயைத் திறந்து சண்டை போடாததைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு கடலோரக் குப்பம் நான் பிறந்த ஊர். அண்ணன் அங்கே, புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாய்ப்பலகை ஓட்டக் கற்றுக் கொடுக்கிறான். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான பலகை, அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். அதில் உட்கார முடியாது. நின்றுகொண்டு, பாயைக் கையில் பிடித்து, காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். கால் வைக்கும் இடத்தில் மெத்தென்று ஒரு ஃபோம் தகடு ஒட்டியிருக்கும். அதுதான் பேடு. அதன்மேல் பாதத்தை நுழைத்துக்கொள்ள வார்கள் உண்டு. பேடு தேய்ந்துபோனால் ஈரக்கால் வழுக்கும், ஆள் கம்பத்தில் போய் மோதுவார். அப்படி ஒருவர் மோதி நெற்றியில் தையல் போட்ட பிறகுதான் அண்ணனுக்கு என் பொறுமை ஞாபகம் வந்தது.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஒட்டிக் காய்ந்ததும் முதலில் நான்தான் ஏறுவேன்.

“அதுக்கின்னா, ஒன்ன உட்டா வேற யாரு ஏறுவா?” என்றான்.

அந்தப் பலகை அவனுடையது மட்டும் இல்லை. எங்கள் குப்பத்தில் சில வருடம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேருக்கும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். எங்கள் சனத்தில் பெண்கள் மீன்பிடி படகில் கால் வைக்கமாட்டார்கள். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இது படகில்லை, விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டார். அண்ணன் கனம். நான் ஒல்லி. கொஞ்சம் காற்றிருந்தாலும் பலகை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடும். அவன் பாதி தூரம் போவதற்குள் நான் போய்த் திரும்பி வந்துவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் பாக்கி.

பிறகு திண்டிவனத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அவர்களும் எங்கள் சனம்தான், ஆனால் தாத்தா காலத்திலேயே கடலை விட்டு மேலே வந்த குடும்பம். ‘மேலே வந்தவங்க’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள், நாங்கள் என்னவோ பள்ளத்தில் கிடக்கிற மாதிரி. மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் ஆபீஸ் வேலை, தினம் ரயிலில் போய்வருகிறவர். பெண் பார்க்க வந்த இடத்தில், கடலோரத்துப் பெண்ணாயிற்றே, தண்ணீரில் ஆட்டம் போட்டு வளர்ந்திருக்குமே என்று மாமியார் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குள் ஊசி இருந்தது. அம்மாவுக்குக் குத்திவிட்டது.

“எம் பொண்ணுக்குத் தண்ணின்னாலே பயங்க. கரையிலகூட நிக்கமாட்டா” என்றாள்.

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அன்று காலையில்தான் கடலிலிருந்து வந்திருந்தேன். முடியில் ஈரம் காயவில்லை. அதை மறைக்கத்தான் தலை கொள்ளாமல் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

அந்த ஒரு பொய்யோடு நான் பன்னிரண்டு வருடம் குடித்தனம் செய்கிறேன். கல்யாணமான புதிதில் புதுச்சேரி கடற்கரையில் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றார். அலை எங்கள் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. அப்போது எனக்கு அது இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலைந்து தடவைக்குப் பிறகு கசந்தது. பிறகு குழந்தைகளிடமும், அம்மாவைத் தண்ணீர்ப் பக்கம் இழுக்காதீங்க, பயப்படுவா என்று சொல்ல ஆரம்பித்தார். நான் உண்மையைச் சொன்னால் என் அம்மா பொய்க்காரி ஆவாள். என் மாமியார் அதை ஆயுசுக்கும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வார். அதனால் சொல்ல முடியாது. ஆனால் காட்டலாம். என் கணவர் தன் கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னால் என்ன? அண்ணன் போன் செய்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மீன் குழம்பு என்றதும் வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஃபோம் தகடு, தின்னர், உப்புத்தாள், செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசை எல்லாம் வாங்கிக்கொண்டு மரக்காணம் பஸ் ஏறினோம். அன்று ஒட்டினால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் காய்ந்துவிடும். மூன்று மணிக்குமேல் காற்று ஏறும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம். வழியில் உப்பளம் வந்ததும் எனக்குக் கை பரபரத்தது. அவர் வேகவைத்த மல்லாட்டையை உரித்து, கடலையை வாயில் போட்டுக்கொண்டு வந்தார்.

அண்ணன் பலகையை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் கிடத்தி வைத்திருந்தான். வார்களின் திருகுகளைக் கழற்றினேன். உப்பில் ஊறித் துருப்பிடித்துப் போயிருந்த இரண்டு மட்டும் அடம் பிடித்தன. அண்ணியின் முடி காயவைக்கும் டிரையரை வாங்கி, பேடின் ஓரத்தில் சூடு காட்டி, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை அடியில் கொடுத்து நெம்பினேன். இரும்பால் நெம்பக் கூடாது, பலகையின் தோல் கிழிந்துவிடும், பிறகு தண்ணீர் குடிக்கும். சூடு காட்டிக் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஃபோம் பிய்ந்து, பாதி பலகையிலேயே தங்கிவிடும். முன் பேடு அப்படித்தான் துண்டு துண்டாக வந்தது. பின் பேடு முழுசாகக் கழன்று வந்தது.

அதற்கடியில் என் கால்கள் இருந்தன. கல்யாணத்துக்கு முந்தைய வருடம் இதே பலகைக்கு இதே வேலையை நான் செய்திருக்கிறேன். வார் எங்கே வரவேண்டும் என்று பார்க்க, பலகைமேல் ஏறி நின்று, பாதத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். மறந்தே போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டுக்குள் காலை வைத்துப் பார்த்தேன். இரண்டு பிள்ளை பெற்ற கால், உள்ளே அடங்கவில்லை. விரலெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றது.

மிச்சப் பசை இருந்தால் புதுசு பிடிக்காது. தின்னரை நனைத்துத் துணியால் துடைத்தேன். பசையோடு கோடும் கரைந்து, துணி கறுப்பானது. பிறகு உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்து, செய்தித்தாளில் அளவு வெட்டி, புது ஃபோமை அதே அளவில் கத்தரித்தேன். பலகைமேல் ஏறி நின்று இப்போதைய காலுக்குப் புதிதாகக் கோடு போட்டேன். அம்மா வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் உள்ளே ஃபேன் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தார்.

பலகையிலும் ஃபோமிலும் பசையைத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தேன். அந்தப் பசையில் ஒரு குணம், ஒருதரம் தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறக்கினேன். சப்பாத்திக் கட்டையை உருட்டி அழுத்தினேன். வார்களைத் திருகி, என் பாதம் நுழைகிற அளவுக்கு இறுக்கினேன். நானே சொல்லக் கூடாது, சுருக்கமில்லாமல் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது.

அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார்கள். வஞ்சிரத்தின் நடுத்துண்டெல்லாம் மாப்பிள்ளை இலைக்குப் போனது. மூன்று மணிக்குக் காற்று ஏறியதும் என் கணவர் எழுந்து வாசலுக்கு வந்து, பலகையைச் சுற்றிப் பார்த்து, இதில் நின்றால் போட்டோ நன்றாக இருக்குமே என்றார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டான்.

பசை காய ஒரு நாள் ஆகும் என்றேன். அது அவனுக்குத் தெரியாததா? கரையோரம்தானே என்றான். நான் அவனைத் தனியாக இழுத்துப்போய், முதலில் நான் ஏறுவதாகத்தானே பேச்சு என்று கேட்டேன்.

“மாப்ள வந்துக்கிறாரு. அவரு ஏறாம நீ ஏறினா நல்லாவா இருக்கும்?” என்றான். என் முறையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

என் கணவருக்கு நீச்சல் தெரியாது. அது குற்றமில்லை, அவரை யாரும் கற்க விடவில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் பலகையை அண்ணன் பிடித்துக்கொள்ள, கிளிஞ்சல் குத்தும் என்று செருப்போடு ஏறினார். செருப்புக் கால் வாரில் நுழையவில்லை. அண்ணன் அங்கேயே கையை விட்டு வாரை இளக்கினான். பாய் லேசாகக் காற்று வாங்கியதும் அவர் தடுமாறி, முழுக் கனத்தையும் பின்காலில் போட்டுத் திருகினார். காயாத பேடு அவர் காலோடு சேர்ந்து நகர்ந்தது. விழுந்தார், சிரித்தார், திரும்ப ஏறினார். போட்டோ எடுத்தது நான்தான். என்னிடம்தான் போனைக் கொடுத்திருந்தார்.

கரைக்குக் கொண்டுவந்ததும் பலகையைப் பார்த்தேன். பின் பேடு கோணிக்கொண்டு நின்றது. செருப்பின் பக்கிள் கிழித்த தடம் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, நீ சரியா ஒட்டல என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று இன்னும் இருந்தது. இனி ஒட்டிக் காயவைத்து நாளைக்கு ஏற முடியாது. கெட்டது கெட்டுவிட்டது, பேடு இல்லாமலே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“நான் ஒரு தபா போய்ட்டு வர்றேன்.”

என் கணவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பிரியமாகத்தான் சிரித்தார்.

“நீயா? தண்ணின்னாலே பயமாச்சே ஒனக்கு. அத்தையே சொன்னாங்களே.”

வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்து நின்ற அம்மாவைப் பார்த்தேன். என் கணவர் பேச்சில் பாதி கேள்வி இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேள்வி வந்திருந்தது. அம்மா வாயைத் திறந்து, அதெல்லாம் சும்மா சொன்னதுங்க என்று சிரித்தால் போதும். அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு இப்போதும் அது நிச்சயம்.

“ஆமாம் மாப்ள, சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு பயம்” என்றாள் அம்மா. “இந்த வயசுல இன்னாத்துக்கு வீம்பு. வா, டீ போடலாம்.”

அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. பாயைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான், அது என்னவோ உலகத்திலேயே கஷ்டமான வேலை என்பது மாதிரி. மீறிப் போய் ஏறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் முன்னால், நான் பிறந்த ஊர்க் கரையில், என் அம்மாவை நானே பொய்க்காரி ஆக்கியிருக்க வேண்டும். அவளுக்கு அந்தத் தைரியம் இருந்தது, எனக்கு இல்லை. டீ போட்டேன்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறார். விழுப்புரம் ஆபீஸிலிருந்து யார் வந்தாலும் காட்டுகிறார். நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. வருகிறவர்கள், நீங்க ஏறலையா மேடம் என்று கேட்கிறார்கள். பதிலை அவரே சொல்லிவிடுகிறார்.

போன மாதம் அண்ணன் போன் செய்தான். பின் பேடு முழுசாகத் தூக்கிக்கொண்டு விட்டதாம், உப்புத்தண்ணீர் உள்ளே போகிறதாம், சீசன் வருகிறதாம். வேறு யார் ஒட்டினாலும் நிற்கவில்லை, நீ ஒட்டினாத்தான் நிக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போயேன் என்றான். அன்றைக்கு நான் சரியாக ஒட்டவில்லை என்று சொன்ன அதே வாய்.

“எப்பிடிண்ணா வர்றது, எனக்குத்தான் தண்ணின்னாலே பயமாச்சே” என்றேன்.

அவன் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.