மாத்திரையை நிறுத்திய இரண்டு வாரம்

2008இல் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் டாக்டராக இருந்தேன். பெண்ணாடத்துக் கரும்பு லாரி டிரைவர் ஒருவருக்கு, முறிந்த காலில் பிளேட் வைத்து எட்டு மாதமாகியும் சீழ் நிற்கவில்லை. மேல்புண்ணைத் துடைத்து அனுப்பிய பரிசோதனைகள் ஒவ்வொரு முறையும் வேறொரு கிருமியைக் காட்டின.

எலும்பு டாக்டரிடம் சொன்னேன்: "ஆன்டிபயாடிக் மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்துங்க சார். அப்புறம் பிளேட்டை ஒட்டின சதையை அஞ்சு எடத்துல எடுத்து அனுப்புங்க."

டிரைவரின் மனைவி பயந்துபோய் என்னைத் தேடி வந்தார். "நிறுத்துனா சீழ் ஜாஸ்தியாவாதா டாக்டரம்மா?"

"மாத்திரை போட்டா கிருமி பதுங்கிக்கும்மா. வெளிய வந்தாதான் புடிக்க முடியும்."

இரண்டு வாரம் கழித்து வந்த ஐந்து சதைத் துண்டுகளில் நான்கில் ஒரே கிருமி வளர்ந்தது. எலும்பு கூடியிருந்ததால் பிளேட்டை எடுத்துவிட்டு, அந்தக் கிருமிக்கான மருந்தைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து டிரைவர் மாடியேறி வந்து, புண் காய்ந்த காலைக் காட்டிச் சிரித்தார்.