வெங்காயம் வைத்த அறை

லோயர் கீர்த்திகா காசு வாங்கிக்கொண்டு வழக்கைத் தோற்றவள் என்று அச்சுவேலிச் சந்தைத் தேத்தண்ணிக் கடையில் யாராவது சொன்னால், பரமலிங்கத்துக்குக் கையிலிருக்கும் பிளேன்ரீ கசந்துவிடும். நாலு வருசமாக இந்தக் கதை ஓய்ந்தபாடில்லை.

"ஆமிக்காரன் குடுத்த காசிலை கனடாவிலை வீடும் வாங்கிப்போட்டாளாம்," என்பான் ஓட்டோ ஓடுகிற சிவதர்ஷன்.

"நீ போய்ப் பால் காய்ச்சிக் குடுத்தனியோ?" என்று பரமலிங்கம் ஒருநாள் எரிந்து விழுந்தார்.

"உங்களுக்கேன் அண்ணை சுடுது?"

ஏன் சுடுகிறதென்று அந்தக் கடையில் தெரிந்தவர் பரமலிங்கம் ஒருவர்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பிளேன்ரீயைக் குடித்தார்.

கீர்த்திகா ஒன்றும் பெரிய அப்புக்காத்து இல்லை. உடுப்பிட்டித் தபால்காரர் ஒருவரின் மகள். நீதிமன்றத்துக்கு எதிரே மூன்று பேருக்குப் பொதுவான அறையில் ஒரு மேசை. வேலிச் சண்டையும் புருசன்மாரிடம் காசு கேட்கும் தாபரிப்பு வழக்கும்தான் அவளுக்குச் சோறு போட்டன. அந்தச் சோற்றையும் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவாள். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவளுக்கு இறங்கும்.

அவளிடம்தான் குருநகர்க் கத்தரீனா வந்தாள். கடற்தொழில் செய்த சிமியோனின் பெண்சாதி. மகன் ஜெனிஸ்ரனை 2007 ஆவணியில் சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று இராணுவம் எழுதிக் கொடுத்துவிட்டது. பெரிய லோயர்மார் பைலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"பிள்ளை, அவன் உயிரோடை இல்லாட்டிலும் பரவாயில்லை. பிடிச்சனாங்கள் எண்டு ஒருக்கா சொல்லட்டும். அது போதும் எனக்கு," என்றாள் கத்தரீனா.

இராணுவம் பிடித்து வைத்திருந்த பாதுகாப்பு வலயக் காணிகளை அப்போதுதான் துண்டு துண்டாகச் சொந்தக்காரரிடம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு நட்டஈட்டு விசயமாகப் பைல் புரட்டிய கீர்த்திகாவின் கண்ணில் அருளம்பலம் என்பவரின் சேதப் பட்டியல் பட்டது. பின் அறை யன்னல் கல் வைத்து அடைக்கப்பட்டுள்ளது, கதவுத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மாற்றப்பட்டுள்ளது என்று அந்த மனிசன் எழுதியிருந்தார். அதே வீட்டுக்கு நேரே இராணுவத்தின் குறிப்பு ஒன்றும் இருந்தது. வெங்காயக் களஞ்சியம்.

"காத்துப் படாட்டி வெங்காயம் ஒரு கிழமையிலை அழுகிப்போம்," என்றாள் கீர்த்திகா பக்கத்து மேசை லோயரிடம், குரலை இறக்கி. "யன்னலை அடைச்சுப்போட்டு வெங்காயம் வைக்கிற விசரன் ஆர்?"

வலிகாமத்துத் தோட்டக்காரன் எவனும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருவனும் கேட்கவில்லை.

ஸ்கூட்டியில் ஓடிப்போய் அந்த வீட்டைப் பார்த்தாள். பால் காய்ச்சிக் குடிபூர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. யன்னலில் கல் இல்லை, கதவு புதிசு, சுவர் வெண்ணெய் போல. பூசியது யார் என்று விசாரித்துப் பண்டத்தரிப்பில் ஏணியில் நின்ற பரமலிங்கத்தைப் பிடித்தாள்.

"அண்ணை, பூச முந்தி அந்தச் சுவரிலை என்ன இருந்தது?"

"சுவர்தான் இருந்தது, தங்கச்சி."

அவள் போகவில்லை. வெய்யிலில் நின்றாள். கடைசியில் பரமலிங்கம் ஏணியால் இறங்கினார்.

"பேருகள் இருந்தது. ஆணியாலை கீறினது. ஏழெட்டு இருக்கும். நான் ஒண்டைத்தான் வாசிச்சனான். ஜெனிஸ்ரன், சிமியோன்ரை மகன், குருநகர். பத்தொன்பது ஒண்டு ரண்டாயிரத்தெட்டு."

ஆவணியில் பிடிபட்டவன் அடுத்த தையில் அந்த அறையில் உயிரோடு இருந்திருக்கிறான். கீர்த்திகா பெயரையும் திகதியையும் பைல் மட்டையில் எழுதிக்கொண்டாள்.

"ஏன் அண்ணை அழிச்சனீங்கள்?"

"வீட்டுக்காரர் சொன்னார். நாளைக்கு ஐயர் வாறார், உந்தப் பேருகளை வாசிச்சுக்கொண்டு நிண்டால் நல்லநேரம் போயிடும் எண்டு. குடிபூரல் வீட்டிலை உது கிடக்கலாமே?"

மற்றச் சுவர்களைவிட அந்தச் சுவருக்குத்தான் அவர் கூடப் பாடுபட்டார். மெசின் பிடித்து உரஞ்சி, பள்ளம் நிரவி, இரண்டு தரம் பூசி, கையால் தடவியும் பார்த்தார். அவ்வளவு வடிவான வேலை. பிறகு கீர்த்திகா போட்ட ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்ற உத்தரவோடு ஆட்கள் வந்து சுரண்டியபோது வெறும் சீமெந்துதான் உதிர்ந்தது. அவர் வாசித்த ஒரு பெயர் பரமலிங்கத்தின் வாயில் மட்டும் மிஞ்சியது. சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். கத்தரீனாவிடம் கீர்த்திகா எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி அந்தத் திகதியைச் செபப்புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சாட்சிக்கு இரண்டு நாள் முந்தி மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் பரமலிங்கம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இறங்கவில்லை. "அண்ணை, உங்கடை மகள் பிரதீபா எந்த ரியூசனுக்குப் போறவ?" என்று மட்டும் கேட்டார்கள். சிரித்த முகம்.

கூண்டில் ஏறியதும் அரச தரப்புச் சட்டத்தரணி, "எத்தனையாம் வகுப்பு மட்டும் படிச்சீர்?" என்றார்.

"ஐஞ்சு."

"அப்ப கீறல் எழுத்தை எப்பிடி வாசிச்சீர்?"

ஐந்தாம் வகுப்பு படித்தவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அதனால்தான் மறக்கமாட்டான். பரமலிங்கம் அதைச் சொல்லியிருக்கலாம். "எனக்கு வடிவா வாசிக்கத் தெரியாது ஐயா. லோயரம்மா எழுதித் தந்ததுக்குத்தான் கையெழுத்து வைச்சனான்," என்றார். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். கத்தரீனா சிரிக்கவில்லை. கீர்த்திகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனு தள்ளுபடியானது. பொய்ச்சாட்சி சோடித்தவள் என்ற பெயர் கீர்த்திகாவுக்கு ஒட்டிக்கொண்டது; தோற்கவென்றே காசு வாங்கினாள் என்று சந்தை அதை வளர்த்தது. வேலிச் சண்டைக்காரர்கூட வேறு மேசைக்குப் போனார்கள். மூன்று வருசம் தாக்குப் பிடித்தாள். பிறகு தமையன் கனடாவுக்குக் கூப்பிட்டான். அங்கே அவளுடைய சட்டப் படிப்பு எடுபடாது. பேக்கரி ஒன்றில் பாண் அடுக்கும் வேலை பார்த்து வைத்திருந்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பரமலிங்கம் உடுப்பிட்டிக்குப் போனார். அவள் சூட்கேசை மூட முடியாமல் மேலே ஏறி இருந்தாள்.

"இருங்கோ அண்ணை. இல்லாட்டி வந்து இதிலை ஏறி இருங்கோ, பூட்டிடலாம்."

அவர் இருக்கவில்லை. "தங்கச்சி, சந்தையிலை உங்களைக் கண்டபடி கதைக்கிறாங்கள். நான் உண்மையைச் சொல்லட்டே?"

"சந்தையிலை சொல்லி எனக்கென்ன? நான் நாளைக்கு இல்லை." சூட்கேசிலிருந்து இறங்கினாள். "கத்தரீனா அம்மா என்னை வீட்டு வாசல் மிதிக்க விடேல்லை. அந்தப் பேரை நான் கட்டிவிட்டதெண்டு நினைக்கிறா. திகதி எழுதின பக்கத்தையும் கிழிச்சுப்போட்டாவாம். மகன் அந்தத் தைமாசம் இருந்தவன் எண்டு இப்ப அவவும் நம்பேல்லை."

பரமலிங்கம் சூட்கேஸ் மூடியை அமத்திப் பிடிக்க, கீர்த்திகா அதைப் பூட்டினாள்.

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. வாசிச்சனான், பேர் இருந்தது எண்டு. கூண்டும் வேண்டாம், கடதாசியும் வேண்டாம்."

"வீட்டுக்குள்ளை, தனியச் சொன்னால் போதும்தானே?"

"அவவுக்கு இப்ப காது கேளாது, அண்ணை," என்றாள் கீர்த்திகா. "குருநகர் ஒழுங்கை தெரியும்தானே, சுவரோடை சுவர் வீடு. கத்தித்தான் சொல்லவேணும். கத்திச் சொல்லுங்கோ."