இஞ்சினுக்கு வைத்த பொட்டு

என் நெற்றிக்குப் பொட்டு வைக்கும் முன்னால் எங்கள் இஞ்சினுக்கு வைப்பேன். மரக்காணத்துப் பக்கம் எங்கள் குப்பத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. சிரிக்கட்டும். அந்தப் பொட்டுதான் என் வீட்டுக்காரரைக் கரை சேர்த்தது. வைத்தவள் நான்.

எண்பதுகளில்தான் படகுக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிடும் இஞ்சின் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. நான் அடம்பிடித்து வாங்க வைத்தது, யாரோ ஓட்டித் தேய்த்த பழசு. மேல்மூடிகூட கிடையாது, மொட்டையாகத்தான் வந்தது. இந்த மாதிரி இஞ்சின் கடல் தண்ணீரையே உறிஞ்சித் தன் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். புதுசாக இருந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அடிக்கிறவரைக்கும் பயமில்லை. எங்களுடையதில் அந்த ஓட்டை இல்லை, தண்ணீர் அடியிலேயே கடலோடு கலந்துவிடும். சூடு காட்டும் முள்ளும் இல்லை. உள்ளே சுகமாக இருக்கிறதா, வெந்துகொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஆயுத பூசைக்கு அதன் தலையில் பொட்டு வைத்தேன். அலை அடித்தால் வெறும் குங்குமம் நிற்குமா? எங்கள் நெற்றிக்கு வைப்பது போலவே, தேன்மெழுகை ஒரு புள்ளி தடவி அதன்மேல் குங்குமத்தை ஒற்றினேன். மழை பெய்தது, அலை அடித்தது, பொட்டு அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

தை மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் கரைக்கு வந்தபோது பொட்டைக் காணோம். குங்குமம் கோடாக வழிந்து கீழே இறங்கியிருந்தது. என் மாமியார் அதைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் தன் புருசனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

“பொட்டு அழிஞ்சி வந்திருக்குது. இனிமே இந்த மிஷின எடுத்துக்கினு நீ போவக் கூடாது. கட்டுமரத்துலயே போ.”

“தண்ணி பட்டிருக்கும், வுடும்மா.”

“இத்தினி மாசமா படாத தண்ணி இன்னிக்குத்தான் பட்டுதாடா?”

நான் துடைத்து வேறு பொட்டு வைத்தேன். மறுநாளும் அது வழிந்துதான் வந்தது. இஞ்சினை விட மனமில்லை. அவரை அதோடு அனுப்பவும் மனமில்லை.

“அத்தை, திண்டிவனத்துல காட்டிட்டு வர்றோம். மிஷின்ல கொறையே இல்லன்னு சொல்லிட்டா, அப்ப இது நீங்க சொல்ற சகுனந்தான், வித்துடலாம்” என்றேன்.

சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். தலை மட்டும் வெளியே, வழிந்த குங்குமத்தோடு. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா, சாமியா? மயிலம் கோயிலுக்குப் போவுதா?”

“வைத்தியத்துக்குப் போவுது. டிக்கெட்டக் குடு” என்றேன்.

திண்டிவனத்தில் அந்த மெக்கானிக் வயல் பம்புசெட்டெல்லாம் பார்ப்பவர். அவரிடம் நான் முதலில் கேட்டதே இதுதான்: “அண்ணே, இது அபசகுனமா?”

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறேன். விரலால் அந்தக் கோட்டைத் தேய்த்து மோந்து பார்த்தார்.

“மெழுகு தடவி வெச்சியா, தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

“மெழுகு தண்ணிக்குப் போவாது. சூட்டுக்குத்தான் போவும்.”

அடிப்பாகத்தைப் பிரித்தார். தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரத்தில் இறக்கைகள் பிய்ந்து போயிருந்தன.

“தண்ணி ஏறாம வெந்துக்கினு இருந்திருக்குது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா நடுக்கடல்ல இறுகிப்போய் நின்னிருக்கும். துடுப்பு இருக்குதா படகுல?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “இஞ்சின்தான் இருக்குதேன்னு...”

“நல்லா இருந்தீங்க போ” என்றார் மெக்கானிக்.

அந்த ரப்பர் திண்டிவனத்தில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு அவரே விழுப்புரம் பஸ் ஏறினார். அவர் வரும்வரை அவர் சம்சாரம் எங்களை உட்காரவைத்து, மல்லாட்டைக் கடலை அவித்துக் கொடுத்து, பெற்ற பிள்ளைகளைப் போலக் கவனித்தார். யார் வீட்டுப் பிள்ளைகளோ நாங்கள்.

சாயங்காலம் புது ரப்பரைப் போட்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இஞ்சினை இறக்கினார். “அதே எடத்துல வெய்யி. அதே மெழுகு, எண்ணெ கலக்காத, சீக்கிரம் எளகிடும்” என்றார். பொட்டுச் சிமிழ் என் மடியிலேயே இருந்தது. வைத்தேன். ஓட்டினார். நாலு பேரும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் காதைப் பிளந்தது, புகை கண்ணைக் கரித்தது. பொட்டு அப்படியே நின்றது.

“இதான் உன் மிஷினுக்கு முள்ளு. தெனம் வெச்சி அனுப்பு. கரையிற மாதிரி தெரிஞ்சா ஒடனே நிறுத்தச் சொல்லு.”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். இந்த முள்ளைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை.

மறுநாள் அவர் துடுப்பையும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். மாமியார் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். படகு வந்ததும் மீனைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முட்டளவு தண்ணீரில் இறங்கி நேராக இஞ்சினிடம் போனார். குங்குமத்தைத் தொடாத அந்த விரல், பொட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு என் நெற்றியை ஒருதரம் பார்த்தார்.

“வெச்சது வெச்சபடி இருக்குதுடி. போய் மீன் கொழம்புக்கு மசாலாக் கூட்டு” என்றார்.